இழுக்கிறவருக்கு இலவசத் தண்ணீர்

ஒரு காட்டில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் ரயில் எதற்கு என்று கேட்டால், காரணம் உண்டு. மேட்டுக்காட்டில் குடியிருந்த விலங்குகள் எல்லாம் தங்கள் பெண்களை ஆற்றுமுனையில் கட்டிக்கொடுத்திருந்தன. ஆற்றுமுனையில் குடியிருந்தவை எல்லாம் மேட்டுக்காட்டில் வேலை பார்த்தன. இப்படிப்பட்ட இடத்துக்கு ரயில் வராமல் வேறு எங்கே வரும்?

கரி இஞ்சின். மூங்கில் பெட்டிகள். ஓட்டுநர் ஒரு கரடி. உடம்பெல்லாம் ஏற்கெனவே கறுப்பு, கரி ஒட்டினாலும் தெரியாது என்று அதற்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் ஒரு மரங்கொத்தி. தேக்கு இலைதான் டிக்கெட். அதில் தன் அலகாலேயே டொக் என்று ஒரு ஓட்டை போட்டுவிடும். சில சமயம் பேச்சு சுவாரசியத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் பயணியிடம் வெறும் காம்பை நீட்டும்.

இந்த ரயிலுக்கு மேலாளராக ஓர் ஒட்டகம் இருந்தார். பெயர் வறண்டமுத்து. பாலைவனத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்லவர், நேர்மையானவர், யாரிடமும் எதற்கும் கை நீட்டாதவர். அவரிடம் ஒரே ஒரு குறைதான். தாகம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பெட்டியிலும் மூலையில் ஒரு மண்பானை இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

"தண்ணிங்க ஐயா. பயணிங்க குடிக்கிறதுக்கு" என்றது மரங்கொத்தி.

"ஏன், போன வாரம் குடிச்சிருப்பாங்களே?"

அதிகாரி கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அந்தப் பொருளை அப்புறப்படுத்திவிடுவது மரங்கொத்தியின் வழக்கம். அன்று சாயங்காலமே பானைகள் காணாமல் போயின.

பானைகள் போன இடத்தில் கீரி வந்து நின்றது. மூங்கில் குழாய்களில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, வாயை இலையால் அடைத்து, "தூய நீர், தூய நீர்" என்று கூவிக்கொண்டு பெட்டி பெட்டியாக வந்தது. ஒரு குழாய்க்கு ஒரு முட்டை. கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இப்படி இருக்கையில் சித்திரை மாதம் வந்தது.

மேட்டுக்காட்டில் செங்கமலம் என்று ஓர் எருமை இருந்தாள். அவளுடைய மகள் பவளக்கொடியை ஆற்றுமுனையில் கட்டிக்கொடுத்திருந்தாள். பவளக்கொடிக்கு அது தலைப்பிரசவம். "அம்மா வந்தாத்தான் கன்னு போடுவேன்" என்று பிடிவாதமாகப் படுத்திருக்கிறாள் என்று காக்கை வந்து சொன்னது. செங்கமலம் பதறிப் போனாள். குளத்தில் இறங்கிக் கொம்பு வரைக்கும் முங்கிக் குளித்தாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மகளுக்காக ஒரு மூட்டை புண்ணாக்கைக் கட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

அவளுக்கு எதிர் இருக்கையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஈரமான சேம்பிலையைச் சால்வை மாதிரி போர்த்தியிருந்தார். குஞ்சிதபாதம் என்று பெயர். மேட்டுக்காட்டில் மழைக்கால இசை என்றால் அவருடைய குரல்தான் முதலில் நினைவுக்கு வரும். கனமான குரல், மெலிந்த உடம்பு.

"பாகவதர் எங்கே பயணம்?" என்று செங்கமலம் மரியாதையாகக் கேட்டாள்.

"ஆற்றுமுனையில ஒரு கல்யாணக் கச்சேரி. சாரைப்பாம்பு வீட்டுல."

செங்கமலம் அசைபோடுவதை நிறுத்தினாள். "பாம்பு வீட்டுலயா?"

"ரொம்ப ரசிகர்கள். என்னை வரச் சொல்லி மூணு தடவை ஆளனுப்பிட்டாங்க. கச்சேரி முடிஞ்சதும் சாப்பாடு உண்டுன்னும் சொல்லியிருக்காங்க."

"யாருக்குன்னு கேட்டீங்களா?"

"அதைக் கேக்கலையே" என்றார். பிறகு அவரே, "கலைஞனை அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும் சால்வையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

வண்டி மலைச்சரிவைத் தாண்டிப் பொட்டல் காட்டுக்குள் நுழைந்தது. வெயில் மூங்கில் இடுக்குகளில் நுழைந்து பெட்டியைச் சட்டி மாதிரி காயவைத்தது. செங்கமலத்தின் தோலில் ஒட்டியிருந்த குளத்துச் சேறு காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எதிரே சேம்பிலை சுருள ஆரம்பித்தது. முதலில் ஓரம் கருகியது. பிறகு நொறுங்கியது. குஞ்சிதபாதம் பேச்சைக் குறைத்தார். கண்ணை மூடினார். சற்று நேரத்தில் இருக்கையிலேயே ஒருக்களித்துச் சாய்ந்தார்.

"பாகவதரே?" என்றாள் செங்கமலம்.

மூக்கால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருக்க வேண்டிய தோல் மரப்பட்டை மாதிரி சொரசொரத்தது. தவளைக்குத் தோல் காய்ந்தால் மூச்சே நின்றுவிடும் என்பது எருமைகளுக்குத் தெரியும். குளத்தில் ஒன்றாகக் குடியிருப்பவர்கள் அல்லவா?

அந்த நேரம் பார்த்துக் கீரி வந்தது. "தூய நீர், தூய நீர்."

"தம்பி, சீக்கிரம் ஒரு குழாய் குடு! பாகவதர் மயங்கிட்டார்" என்றாள் செங்கமலம்.

"முட்டை?"

"முட்டை ஏதுப்பா? புண்ணாக்கு இருக்கு. மூட்டையோட எடுத்துக்க."

"நான் கீரிங்கக்கா. புண்ணாக்கை வெச்சு என்ன பண்றது? முட்டை இருந்தாப் பாருங்க."

"எருமைகிட்ட முட்டை கேக்கிற ஒரே ஆள் நீதான்டா!"

"கடன் குடுக்கிறதில்லைங்க. அடுத்த பெட்டியில வாத்து இருக்கு, நான் வரேன்" என்று கீரி போய்விட்டது.

செங்கமலம் மரங்கொத்தியைக் கூப்பிட்டாள். மரங்கொத்தி வந்து தவளையைப் பார்த்தது. அதற்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தது, 'உச்' கொட்டியது, பிறகு, "டிக்கெட் இருக்கா இவர்கிட்ட?" என்று கேட்டது.

"சாகக் கிடக்கிறாருங்க!"

"அதுக்குத்தான் கேக்கிறேன். டிக்கெட் இருந்தா அவரு பயணி. பயணிக்குத் தண்ணி குடுக்க விதி இல்லை. டிக்கெட் இல்லேன்னா அவரு சரக்கு. சரக்கு நனையவே கூடாது."

செங்கமலம் அதோடு பேசுவதை விட்டாள். ஏனென்றால் வண்டி வேகம் குறைந்து பாறையடி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவள் ஒரு காட்சியைக் கண்டாள்.

மற்ற நிறுத்தங்களைப் போலவே பாறையடியிலும் ஒரு யானை வேலை பார்த்தது. பக்கத்து ஓடையிலிருந்து தும்பிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து வந்து இஞ்சினின் தொட்டியில் பீச்சுவது அதன் வேலை. இஞ்சின் குடித்தது. குடித்தது போக வழிந்தது. வழிந்த தண்ணீர் தண்டவாளத்துக்கு நடுவே ஓடி, கரித்தூளோடு சேர்ந்து குட்டையாகி, வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பயணிகள் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எச்சிலை விழுங்கினார்கள். விழுங்க எச்சிலும் இல்லை.

செங்கமலம் தவளையைக் காய்ந்த இலையோடு சேர்த்துப் பல்லில் மென்மையாகக் கவ்விக்கொண்டு இறங்கினாள். யானையின் எதிரே போய் அவரைத் தரையில் வைத்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு பீச்சு" என்றாள்.

யானை சங்கடத்தோடு காதை ஆட்டியது. "நான் குடுக்க மாட்டேன்னு சொல்லலையே தாயி. ஆனா இது இஞ்சின் தண்ணி. இஞ்சினைத் தவிர வேற யாருக்குக் குடுத்தாலும் என்னைத் திரும்பவும் மரம் தூக்கப் போட்டுருவாங்க."

இஞ்சினிலிருந்து கரடி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே மரங்கொத்தியும் பறந்து வந்து, "வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அந்த ஓடையும் இஞ்சினுக்கு ஒதுக்கினது" என்றது.

செங்கமலத்துக்குக் கோபம் வந்தது. எருமைக்குக் கோபம் வர நேரமாகும். ஆனால் வந்துவிட்டால் அது போவதற்கும் நேரமாகும்.

"இந்த இரும்புக்கு மட்டும் தண்ணி குடுக்கிறீங்களே, அப்படி அது என்ன ஒசத்தி?" என்று கேட்டாள்.

"அது இஞ்சின்" என்றது மரங்கொத்தி.

"இஞ்சின்னா?"

மரங்கொத்தி நிமிர்ந்து நின்று மனப்பாடமாகச் சொன்னது: "வண்டியை முன்னால் நின்று இழுப்பது எதுவோ அது இஞ்சின்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

செங்கமலம் தண்டவாளத்தில் ஏறினாள். இஞ்சினின் முன்பக்கம் தொங்கிய சங்கிலி வளையத்தில் கொம்பை மாட்டினாள். நான்கு காலையும் கருங்கல் ஜல்லியில் ஊன்றினாள். கழுத்தை முன்னே தள்ளி, கண்ணை இறுக மூடி, பவளக்கொடியை நினைத்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிகளிலிருந்து சிலர் சிரித்தார்கள். பிறகு எங்கேயோ கிரீச் என்றது. வண்டி நகர்ந்தது. அதிகமில்லை, நின்ற இடத்திலிருந்து ஒரு சோம்பல் முறிக்கிற தூரம்தான். ஆனால் நகர்ந்தது.

"நகர்ந்திருச்சே!" என்று கத்தியது கரடி.

மரங்கொத்தியின் கொண்டை விறைத்தது. அது விதிகளை மீறாத பறவை. பயணிக்குத் தண்ணீர் கொடுத்தால் விதிமீறல். இஞ்சினுக்குத் தண்ணீர் மறுத்தால் அதுவும் விதிமீறல். இப்போது தன் எதிரே மூச்சு வாங்க நிற்பது எது? டிக்கெட் இருக்கிறது, ஆகவே பயணி. வண்டியை இழுத்தது, ஆகவே இஞ்சின். இப்படி ஒன்று வரும் என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"யானை" என்று அது கடைசியில் அடிக்குரலில் சொன்னது, "இந்த இஞ்சினுக்குத் தண்ணி காட்டு."

யானை அதற்காகவே காத்திருந்தது போல ஓடைக்கு ஓடியது. தும்பிக்கை நிறையக் கொண்டுவந்து செங்கமலத்தின் வாயில் பீச்சியது. செங்கமலம் ஒரு மிடறுகூட விழுங்கவில்லை. கன்னம் புடைக்க வாயில் அடக்கிக்கொண்டு, திரும்பி நடந்து, தரையில் கிடந்த தவளையின் மேல் மொத்தத்தையும் கொட்டினாள்.

"அது தப்பு!" என்று மரங்கொத்தி பறந்து வந்தது. "இஞ்சின் தண்ணி பயணி மேல படக் கூடாது!"

"இஞ்சின்ல கசிவு இருந்தா?" என்று கேட்டாள் செங்கமலம், வாயைத் துடைத்துக்கொண்டு.

மரங்கொத்தி கரடியைப் பார்த்தது. "கசிவு சகஜம்தான்" என்றது கரடி. "நம்ம பழைய இஞ்சின் ஒழுகாத இடமே இல்லையே."

எல்லாரும் குனிந்து தவளையைப் பார்த்தார்கள். தண்ணீர் வயிற்றின் மேல் வழிந்து மண்ணில் இறங்கியது. ஓர் அசைவும் இல்லை. செங்கமலம் இன்னொரு வாய் வாங்கி வந்து ஊற்றினாள். "பாகவதரே, கண்ணைத் திறங்க. பாம்பு வீட்டுக்குப் போகாட்டியும் பரவாயில்லை, கண்ணைத் திறங்க" என்றாள்.

குஞ்சிதபாதத்தின் தொண்டை மெல்ல உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது. "கர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது.

"சுருதி சேரலை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

ஜன்னல் ஜன்னலாகக் கைதட்டல் எழுந்தது. காலை வைத்துத் தட்டியவர்களும் உண்டு. யானை தன் சந்தோஷத்தைத் தன் தலையிலேயே பீச்சிக்கொண்டது. செங்கமலம் அப்போதுதான் தனக்கென்று குடித்தாள். யானை பீச்சப் பீச்ச, மூச்சு விடாமல் குடித்தாள்.

குடித்து நிமிர்ந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது. வண்டியில் ஒருவர் பாக்கியில்லை, எல்லாரும் இறங்கியிருந்தார்கள்.

"அக்கா, எனக்கும் ஒரு சங்கிலி மாட்டி விடுங்க" என்றது ஒரு மான்.

"நான் குடும்பத்தோட இழுக்கிறேன்" என்றது காட்டுப்பன்றி.

முள்ளம்பன்றியும் வந்தது. அதற்குப் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் எல்லாருக்கும் முன்னால், தனியாக, பெருமையோடு கட்டப்பட்டது. வாத்துகள்கூட வந்தன. தண்ணீர் சும்மா கிடைக்கும்போது முட்டையை ஏன் கொடுக்க வேண்டும்? வண்டிக்குள் கீரி மட்டும் மூங்கில் குழாய்களோடு தனியாக நின்றது. கொஞ்ச நேரம் கூவிப் பார்த்தது. பிறகு அதுவும் இறங்கி வந்து வாலைச் சங்கிலியில் முடிந்துகொண்டது. அத்தனை நேரம் கூவியதில் அதற்கும் தாகம்.

எல்லாருக்கும் யானை தண்ணீர் காட்டியது. வண்டி கிளம்பியது. குஞ்சிதபாதம் செங்கமலத்தின் இரண்டு கொம்புக்கும் நடுவே, ஈரமான புதுச் சேம்பிலையில் உட்கார்ந்துகொண்டு, இழுப்பதற்கு ஏற்ற தாளத்தில் பாட ஆரம்பித்தார். அவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலோ" என்று இழுத்தார்கள். வழியில் இருந்த எல்லா நிறுத்தத்திலும் நின்று குடித்தார்கள். கரடி இஞ்சினுக்குள் ஒரு துண்டு கரிகூடப் போடவில்லை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தானும் இரண்டு அடி கூடச் சேர்ந்து பாடியது.

ஆற்றுமுனைக்கு வண்டி மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. முகூர்த்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. சாரைப்பாம்பு வீட்டார் பாடகரை எதிர்பார்த்துப் பார்த்துப் பசி தாங்காமல் எலி வேட்டைக்குப் போய்விட்டதாகத் தகவல் கிடைத்தது. குஞ்சிதபாதம் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டார்.

ஆனால் நடைமேடையில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். மேலாளர் வறண்டமுத்து.

ஒட்டகத்தின் கழுத்து முதலில் வண்டியின் இந்தக் கோடிக்குப் போனது. பிறகு அந்தக் கோடிக்கு. பெட்டிகள் காலி. பயணிகள் எல்லாரும் வண்டிக்கு முன்னால் சங்கிலியில். இஞ்சினிலிருந்து பாட்டுச் சத்தம்.

"இதுக்கு யார் காரணம்?" என்று கேட்டார்.

பாட்டு நின்றது. கரடி எழுந்து நின்றது. மரங்கொத்தி ஒரு தந்திக் கம்பத்தின் பின்னால் மறைந்தது. மான் பன்றியைப் பார்த்தது, பன்றி தரையைப் பார்த்தது. ரயிலை வழியில் மறித்தாலே காட்டைவிட்டுத் தள்ளிவைப்பார்கள் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். ரயிலைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தால் என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை.

செங்கமலம் கொம்பைச் சங்கிலியிலிருந்து கழற்றினாள். மகள் ஞாபகம் வந்தது. இருந்தாலும் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க ஐயா. தாகம் பொறுக்க முடியலை."

"தாகம், தாகம்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. நானும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு நினைச்சேன். அது எப்படி இருக்கும்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது செங்கமலத்துக்குப் புரிந்தது.

"நாக்கு நம்ம நாக்கு மாதிரியே இருக்காதுங்க. யாரோடதையோ இரவல் வாங்கி வாயில வெச்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு எப்பவும் அப்படித்தானே இருக்கு?" என்றார் வறண்டமுத்து ஆச்சரியத்தோடு.

குஞ்சிதபாதம் கொம்பின் நடுவிலிருந்து எழுந்தார். "ஐயா, நான் சொல்றேன். பாடணும்னு வாயைத் திறக்கிறீங்க. சத்தம் வரலை. மூச்சு விடணும்னு நினைக்கிறீங்க. அதுவும் வரலை. எதிர்ல ஒரு இரும்பு உங்க கண் முன்னாடி வயிறு நிறையக் குடிக்குது. குடிச்சுட்டு மிச்சத்தைக் கீழே ஊத்துது. அதைப் பார்த்துக்கிட்டே செத்துப்போறீங்க. அதுதான் தாகம்."

வறண்டமுத்துவின் பெரிய இமைகள் படபடத்தன. கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது. ஆனால் அவர் ஒட்டகம் அல்லவா, அதை வீணாக்காமல் திரும்பவும் உள்ளேயே இழுத்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "பெரிய தப்பு. இதுக்கு உடனே ஏதாவது செஞ்சாகணும்."

கரடிக்கு அந்த நேரத்தில் நல்லெண்ணம் பொங்கியது. மேலாளரின் துக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று, "ஐயா, ஒரு நல்ல சேதியும் இருக்குங்க. பாறையடியில இருந்து ஒரு துண்டு கரி செலவாகலை" என்றது.

வறண்டமுத்துவின் கழுத்து மெதுவாகக் கரடியின் பக்கம் திரும்பியது.

"ஒரு துண்டுகூடவா?"

"அடுப்புப் பக்கமே போகலைங்க. எல்லாம் இவங்களே இழுத்துட்டு வந்துட்டாங்க. பாட்டோட."

வறண்டமுத்து கண்ணை மூடிச் சிறிது நேரம் அசைபோட்டார். ஒட்டகங்கள் யோசிப்பது அப்படித்தான். பிறகு நடைமேடையில் இருந்த ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அன்பான பயணிகளே! உங்க கஷ்டத்தை நான் கண்ணால பார்த்துட்டேன். நாளையிலேர்ந்து நம்ம ரயில்ல எல்லாருக்கும் இலவசக் குடிநீர்! எல்லா நிறுத்தத்திலயும், வயிறு நிறைய! வண்டியை இழுத்தாப் போதும்!"

ஆற்றுமுனையே அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. மான் துள்ளியது. பன்றிக் குடும்பம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டது. யாரோ ஓடிப்போய் ஆவாரம்பூ மாலை கட்டி வந்து வறண்டமுத்துவின் கழுத்தில் போட்டார்கள். அது நீளமான கழுத்து. மாலை கீழே வந்து சேரவே நேரமானது.

செங்கமலமும் சந்தோஷமாகத்தான் கத்தினாள். கத்திவிட்டு, புண்ணாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஓடினாள். பவளக்கொடி ஆற்றோரம் மருத மர நிழலில் படுத்திருந்தாள். "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றாள். அடுத்த வலியிலேயே கன்று பிறந்தது. நல்ல கறுப்பு. நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி. செங்கமலம் அதை நக்கிச் சுத்தம் செய்தாள். மகளுக்குப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுத்தாள். கன்று நன்றாகக் காலூன்றி, ஆற்றில் நீந்தவும் பழகிய பிறகுதான் ஊருக்குத் திரும்பலாம் என்று ரயில் நிலையத்துக்கு வந்தாள்.

ரயில் நிலையம் அடையாளம் தெரியவில்லை. "பயணிகளின் தாகம் தீர்த்த தங்க ரயில்" என்று வாசலில் பெரிய பலகை தொங்கியது. இஞ்சினைக் கழற்றி ஆற்றோரப் பூங்காவில் நிறுத்திவிட்டார்கள். குட்டிகள் அதன் மேல் ஏறிச் சறுக்கி விளையாடின. கரடிக்கு வேலை போகவில்லை. முன்னால் நின்று வாயாலேயே "கூ" என்று ஊதுவது இப்போது அதன் வேலை. கீரி தண்ணீர் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கழுத்துக்கு அடியில் வைக்கும் பஞ்சுத் திண்டு விற்றது. அதற்கும் முட்டைதான்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் வரிசை வளைந்து வளைந்து ஆற்றங்கரை வரை நின்றது.

"என்ன இவ்வளவு கூட்டம்?" என்று செங்கமலம் தனக்கு முன்னால் நின்ற ஆட்டிடம் கேட்டாள்.

"இழுக்கிறதுக்கு இடம் கிடைக்கலைங்கக்கா" என்றது ஆடு கவலையோடு. "முன்பதிவு எல்லாம் முடிஞ்சுருச்சு. எங்க பெரியப்பாவுக்கு உக்கார்ற இடம்தான் கிடைச்சுது. பாவம், வயசான காலத்துல ஜன்னலோரமா காத்து வாங்கிக்கிட்டே போகணும். அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காது."

வரிசையில் நின்றவர்கள் அந்தப் பெரியப்பாவை நினைத்து 'உச்' கொட்டினார்கள்.

செங்கமலத்தை மரங்கொத்தி அடையாளம் கண்டுகொண்டது. இந்தத் திட்டமே அவளால் வந்தது என்பதால் முன்வரிசையில் இழுக்கும் இடம் ஒன்றை மரியாதையாக ஒதுக்கிக் கொடுத்தது. டிக்கெட்டுக்கு மட்டும் வழக்கமான கட்டணத்தை வாங்கிக்கொண்டது.

அன்று வறண்டமுத்துவும் அதே வண்டியில் மேட்டுக்காட்டுக்குப் பார்வையிடப் போகிறவராக இருந்தார். ஒரு பெட்டி முழுவதிலும் தனியாக, காலை மடித்து உட்கார்ந்திருந்தார். செங்கமலத்தைக் கண்டதும் கழுத்தை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி நலம் விசாரித்தார்.

"பேரன் பிறந்திருக்கானாமே? சந்தோஷம். நம்ம திட்டம் எப்படி நடக்குது பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க ஐயா. ரொம்ப நல்லா நடக்குது." ஆற்றில் கன்றோடு முங்கிக் கிடந்த நாட்களில் செங்கமலத்தின் மனதில் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. அதை இப்போது மெதுவாகக் கேட்டுவிட்டாள். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா? டிக்கெட்டும் எடுத்துட்டு, எல்லாரும் வண்டியில உக்காந்திருக்கும்போதே சும்மா தண்ணி குடுத்தா என்னங்க?"

சங்கிலியில் பூட்டியிருந்த மான் திரும்பிப் பார்த்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

வறண்டமுத்து கோபப்படவில்லை. விவரம் தெரியாத ஒருத்திக்குப் பொறுமையாகச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. எல்லாரும் உள்ள உக்காந்து தண்ணி குடிச்சா, அப்புறம் வண்டியை யாரு இழுக்கிறது?"

"அதானே!" என்றது மான்.

"அதானே!" என்றது காட்டுப்பன்றியின் குடும்பம் முழுவதும்.

"எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு முன்யோசனை" என்று வரிசையில் நின்ற ஆடு கண் கலங்கியது.

செங்கமலம் யோசித்தாள். இதற்கு ஏதோ ஒரு பதில் இருக்கிறது, மிகச் சுலபமான பதில், நாக்கு நுனியில் நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் பிடிக்கப் போகும் நேரத்தில் கரடி "கூ" என்று ஊதிவிட்டது. தாமதித்தால் இடம் போய்விடும். பின்னால் காத்திருப்போர் பட்டியலில் நின்ற ஒரு வரையாடு அவளுடைய சங்கிலியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. செங்கமலம் அவசரமாகக் கொம்பை வளையத்தில் மாட்டினாள்.

ரயிலின் நிரந்தர இழுவைப் பாடகராகிவிட்ட குஞ்சிதபாதம், பளபளவென்ற தோலோடு, முன்னால் ஒரு நீர்த்தொட்டியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். அடி எடுத்துக் கொடுத்தார். "ஏலோ" என்று எல்லாரும் இழுத்தார்கள். வண்டி கிரீச்சிட்டு நகர்ந்தது. வெயில் நன்றாகவே அடித்தது. அடுத்த நிறுத்தத்தில் யானை தும்பிக்கையை நிரப்பிக்கொண்டு காத்திருக்கும் என்ற நினைப்பில் எல்லாருக்கும் கால் வேகமாக நடந்தது. செங்கமலமும் சந்தோஷமாக, வாய்விட்டுப் பாடிக்கொண்டே இழுத்தாள்.

நீதி: ரயிலில் இலவசமாகத் தண்ணீர் வேண்டும் என்றால் பயணியாக இருக்காதே, இஞ்சினாக இரு. இழுக்கப் போகும் முன் டிக்கெட் எடுக்க மறந்துவிடாதே.